அழுக்குப் பொறுக்காத மனிதர்

நான் பார்த்த மனிதர்களிலேயே சுத்தமானவர் அவர்தான். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையைப் பார்த்த கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கீழே டைல்ஸ் கடை, முதல் மாடியில் பல் டாக்டர். படி ஏறும்போது முதலில் கிராம்பு எண்ணெய் வாசனை வரும். அதற்கு மேலே ஏறினால் அவருடைய வாசனை: எலுமிச்சை கலந்த ஸ்பிரிட். அவர் சீட்டில் இருக்கிறாரா, வெளியே போயிருக்கிறாரா என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

ஐம்பதைத் தாண்டியவர். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மாதிரிக் குடும்பங்களை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அவரும் பிரான்சில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி இஸ்திரி மடிப்பு, பையில் இரண்டு கைக்குட்டை. ஒன்று அவருக்கு, ஒன்று உலகத்துக்கு. கதவை முழங்கையால் திறப்பார். டீக்கடை அண்ணன் பிளாஸ்கோடு வந்து பிரெஞ்சு மரியாதையோடு "முசியே, டீ!" என்றால், தன் பீங்கான் கோப்பையை நீட்டிப் பிடிப்பார். பிளாஸ்கின் வாய் கோப்பையில் பட்டுவிடக் கூடாது. அண்ணனும் பழகிவிட்டார். கள் ஊற்றுவது போல உயரத்தில் இருந்து ஊற்றுவார். ஒரு சொட்டு வெளியே தெறித்தால் அன்றைக்கு டீ இல்லை.

அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. ப்ரோப்ர். பிரெஞ்சில் சுத்தம் என்று அர்த்தம். பிடித்திருந்தால் "ப்ரோப்ர்" என்பார். பிடிக்கவில்லை என்றால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "செ பா ப்ரோப்ர்" என்பார், சுத்தமாக இல்லை. சட்டைக்கும் அதுதான், சாம்பாருக்கும் அதுதான், நாங்கள் எழுதும் கம்ப்யூட்டர் கோடுக்கும் அதுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பெருக்க வரும் அக்காவைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். அந்த அக்கா மேஜையைத் துடைத்துவிட்டு நகர்ந்ததும், அவள் கண்ணெதிரிலேயே அதே மேஜையை மறுபடி துடைப்பார்.

"நான் தொடச்ச எடத்தையே தொடைக்கிறாரே, அப்ப நான் இன்னா அழுக்கா?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும்.

என் கதைக்கும் வருகிறேன். நான் வீராம்பட்டினத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டில் மதியத்துக்கு மீன் இல்லாத நாள் யாருக்காவது உடம்பு சரியில்லாத நாள். சேர்ந்த புதிதில் ஒருநாள் சங்கரா மீன் குழம்பைத் திறந்தேன். அவர் எழுந்து வந்து, இரண்டடி தள்ளி நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பாடு உங்க உரிமை. ஆனா ஏசி ரூம்ல வாசனை தங்கிடுது பாருங்க" என்றார். புன்னகையோடுதான் சொன்னார். பிறகு ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை வராந்தாவில் நின்றார். அடுத்த நாளிலிருந்து நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாப்பிட்டேன். அவர் போகச் சொல்லவில்லை. அதுதான் அவரிடம் உள்ள கெட்ட விஷயம். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எங்கள் தெருப் பெண்களிடம் யாரும் சத்தம் போட்டு ஜெயித்ததில்லை.

எங்கள் வேலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினித் திரையில் நீங்கள் பார்க்கிற பொத்தான், எழுதுகிற கட்டம், கீழே விரியும் பட்டியல், இதையெல்லாம் ஒவ்வொரு நிரல்காரரும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. செய்து வைத்ததை எடுத்துப் பொருத்திக்கொள்வார்கள். கதவும் ஜன்னலும் ரெடிமேடாக வாங்கி வீடு கட்டுவதைப் போல. அந்தக் கதவு ஜன்னல் செய்கிற பட்டறைதான் நாங்கள். அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். எங்கள் லைப்ரரியை வைத்து ஒருமுறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அந்த நிரல் ஓடும். மூன்று வீட்டுச் சுவருக்கும் ஒரே ஜன்னல் பொருந்த வேண்டும். சுவர்கள் மூன்றும் மூன்று விதமாகக் கோணல்.

கோணல் சுவருக்குப் பொருத்த, வருடக்கணக்கில் பலர் பல ஆப்பு அடித்து வைத்திருந்தார்கள். விண்டோஸில் மட்டும் இந்தப் பட்டியலை இரண்டு தடவை வரைந்துவிடு, ஒரு தடவை வரைந்தால் தெரியாது. மேக்கில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் கீழே இறக்கு. இப்படி. எழுதியவர்கள் பலரும் வேறு ஊர், வேறு நாடு போய்விட்டார்கள். இதைச் சீர்ப்படுத்தத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். வெளியே தெரியும் வேலை மாறாமல் உள்ளே இருப்பதை ஒழுங்கு செய்வதற்கு ரீஃபாக்டரிங் என்று பெயர். அவர் அதைச் செய்யும்போது பார்க்க வேண்டும். ஸ்கிரீனில் பழைய வரிகளைத் தேர்ந்தெடுப்பார். மூக்கு சுருங்கும். அழிப்பார். மூக்கு சரியாகிவிடும்.

"இது கோடு இல்ல, குப்பை மேடு" என்பார். கோடுக்குப் பக்கத்தில் முன்பிருந்தவர்கள் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகளையும் அழித்தார். "நல்ல கோடு தானாப் பேசும். பக்கத்துல விளக்கம் எழுதி வச்சா, அது சட்டையில விலைச்சீட்டு தொங்குற மாதிரி."

உண்மையைச் சொல்ல வேண்டும். அவர் எடுத்ததில் பாதிக்கு மேல் குப்பைதான். லைப்ரரி வேகமானது. எங்கள் பையன்கள், "சார் கை வச்சா கண்ணாடி மாதிரி ஆயிடுது" என்று சொக்கிப் போனார்கள். முதலாளிக்கு அவர் தெய்வம். பிரான்சிலிருந்து பெரிய கிளையன்ட் ஒருவரைக் கூட்டி வந்தவர் அவர்தானே.

ஒரு கூட்டத்தில் அவர் பெரிய டிவியில் ஒரு பகுதியைக் காட்டினார். எங்கள் லைப்ரரியில் எழுதுகிற கட்டம் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு பெயர் இருந்தது. 'வாடிக்கையாளர் பெயர்', 'எண்ணிக்கை' என்பது போல. திரையில் அது வராது. அதை எடுத்து விண்டோஸிடம் கொடுக்கும் சில வரிகள் இருந்தன. வாங்கிக்கொண்டு விண்டோஸ் என்ன செய்கிறது என்று திரையில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தப் பேரை யார் பாக்குறாங்க?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. எழுதியவர் கனடாவில். குறிப்பு இருந்திருக்கலாம், அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே.

"யாரும் பாக்கலன்னா அது அழுக்கு" என்றார். மூக்கு சுருங்கியது, சரியானது. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்று பெயர் கொடுக்கும் வாசலை மட்டும் வெளியே விட்டுவைத்தார். உள்ளே ஒன்றுமில்லை. நீங்கள் பெயர் கொடுக்கலாம், அது எங்கும் போகாது.

பிறகு சோதனை. பழைய லைப்ரரியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் புதியதில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிடும் நிரல் எங்களிடம் உண்டு. ஒரு புள்ளிகூட வித்தியாசமில்லை. எல்லாம் பச்சை. அவர் அன்றைக்கு வெள்ளைக்காரத் தெரு பேக்கரியிலிருந்து கேக் வரவழைத்தார். ஒவ்வொருவருக்கும் இடுக்கியால் எடுத்து வைத்தார்.

புதிய பதிப்பு வெளியே போன கொஞ்ச நாளில் ஒரு போன் வந்தது. கோடு எழுதுவது போக, போன் எடுப்பதும் என் வேலைகளில் ஒன்று.

"மேடம், என் பேரு ஜெயந்தி. சேதராப்பட்டுல பம்பு கம்பெனியில போன்ல ஆர்டர் எடுக்குறேன். எனக்குக் கண்ணு தெரியாதுங்க. கம்ப்யூட்டர் படிச்சுச் சொல்லும், அத வச்சு டைப் பண்ணுவேன். போன வாரம் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பேர் சொல்லிச்சு. இப்ப எல்லாத்துக்கும் 'எடிட், எடிட்'னு மட்டுந்தான் சொல்லுது. எந்தக் கட்டத்துல நிக்கிறேன்னே தெரியல. சாஃப்ட்வேர் குடுத்தவங்களக் கேட்டேன். பொத்தானெல்லாம் உங்க லைப்ரரின்னு இந்த நம்பர் குடுத்தாங்க."

அந்தப் பெயரை யாரும் பார்ப்பதில்லைதான். கேட்பவர்கள் இருந்தார்கள்.

அவள் சொல்லச் சொல்ல முழுதும் தெரிந்தது. எண்ணிக்கை போட வேண்டிய கட்டத்தில் ஒரு வாடிக்கையாளரின் பின்கோடைப் போட்டுவிட்டாள். அந்த ஆளுக்கு லட்சக்கணக்கில் வாஷர் ஆர்டர் ஆகியிருந்தது. குடோனில் முதலில் சிரித்தார்கள். இரண்டாவது தடவை சிரிக்கவில்லை. அவள் இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. மாதக் கடைசியில் முடிவு சொல்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். "இந்த வேலைக்கு வர்றதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதுக்குள்ள சரி பண்ணிடுவீங்கல்ல?" என்று கேட்டாள். பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை, ஜிஎஸ்டி வரிக் கணக்கு மாற்றமும் அதே அப்டேட்டில் சேர்ந்து வந்திருந்தது.

அழித்த வரிகள் பழைய பதிப்பில் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப வைத்துவிட்டேன், ஓடியது. ஆனால் அவர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் லைப்ரரிக்குள் போகாது. அனுப்பினேன். அவர் என் மேஜைக்கு வந்தார்.

"இது ஒட்டுப் போடுறது" என்றார். "விண்டோஸுக்கு மட்டும் தனியா நாலு வரி. மறுபடியும் குப்பை மேடா? பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனி அடுக்கா, மூணு சிஸ்டத்துக்கும் ஒரே மாதிரி, அழகாப் பண்ணுவோம்."

"பண்ணலாம் சார். அது வரைக்கும் இது இருக்கட்டுமே. அந்தப் பொண்ணுக்கு மாசக் கடைசியில வேல போயிடும்."

"பாவம்" என்றார். நிஜமாகவே முகம் வாடியது. "அவங்களுக்காகத்தாங்க சொல்றேன். ஒட்டுப் போட்ட துணியையா அவங்களுக்குக் குடுக்குறது?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்று சொல்வார்கள். அந்தப் பழமொழி இவருக்குப் பொருந்தாது. ஓநாய்க்காவது பசி இருந்தது. இவருக்கு அந்த ஆட்டிடம் எதுவும் வேண்டியதில்லை. நனைந்த ரோமம் பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

முதலாளியிடம் போனேன். "அவர் சொன்னா ஒரு காரணம் இருக்கும்மா" என்றார். திருத்திய பதிப்பை அந்த சாஃப்ட்வேர்காரர்களுக்கு நானே தனியாக அனுப்பிப் பார்த்தேன். முறையாக வெளியிட்டால்தான் எடுப்போம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நேரில் பார்த்தால் மனசு மாறும் என்று நினைத்து ஜெயந்தியை ஆபீசுக்கு வரச் சொன்னேன். அரியாங்குப்பத்திலிருந்து அவள் தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டான். அவளுக்கு முப்பது வயது இருக்கும். பளிச்சென்ற மஞ்சள் சுடிதார், நெற்றியில் கல் வைத்த பொட்டு. வீட்டில் பழகிப் பார்ப்பதற்காக அதே சாஃப்ட்வேரைப் போட்டிருந்த தன் லேப்டாப்பைக் கொண்டுவந்திருந்தாள். அவர் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் ஓட்டிக் காட்டினாள். எடிட். எடிட். எடிட். அவர் கண்களை மூடிக் கேட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது.

"ஒரு நிமிஷம். பாத்துட்டுத் தர்றேன்" என்று டிஷ்யூவை வைத்துப் பிடித்து லேப்டாப்பைத் தன் இடத்துக்குக் கொண்டுபோனார். குறையைத்தான் ஆராய்கிறார் என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். சேதராப்பட்டு பஸ்ஸைப் பற்றி, அவள் மேனேஜரைப் பற்றி. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். மலர்ந்த முகம். லேப்டாப் கடையில் வாங்கியபோதுகூட அப்படி மின்னியிருக்காது.

ஜெயந்தி கையை வைத்தாள். விரல்கள் கீகளின் மேல் போய் வந்து, நின்று, மறுபடி தேடின.

"சார், இதுல பொட்டு இருந்துதே?"

"ஒட்டிக்கிட்டு இருந்ததை எல்லாம் எடுத்துட்டேன். ரொம்பப் பிசுக்கா இருந்தது. இப்ப எவ்வளவு ப்ரோப்ரா இருக்கு!"

"அது அழுக்கில்ல சார். நான் ஒட்டினது. சேவ் பண்ற கீ எது, அழிக்கிற கீ எதுன்னு அந்தக் கல்லத் தடவித்தான் கண்டுபுடிப்பேன்."

அவருடைய குப்பைக்கூடையில் டிஷ்யூவில் சுருட்டிக் கிடந்தன, கறுத்துப்போன ஸ்டிக்கர் பொட்டுகள். அவர் திடுக்கிட்டார், இல்லை என்று சொல்ல மாட்டேன். "ஓ, பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? கை கழுவப் போனார்.

ஜெயந்தி தன் நெற்றியிலிருந்த பொட்டை எடுத்துச் சேவ் பண்ணும் கீயில் ஒட்டி, விரலால் அழுத்தினாள். நான் என் பொட்டை எடுத்துக் கொடுத்தேன். என்னுடையது கல் இல்லாதது, தடவினால் தெரியாது. அவள் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். கை துடைத்தபடி திரும்பி வந்தவர் அவள் வெறும் நெற்றியையும் கீயில் இருந்த பொட்டையும் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர் நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்தது கீபோர்டில். அவருக்கு அது தாங்கவில்லை. அந்த முகத்தைத்தான் நான் மறக்கவே இல்லை. நல்ல மனிதர், படித்தவர், மரியாதை தெரிந்தவர். தன் எதிரில் ஒரு ஆள் இருப்பதே அவருக்கு ஒரு பிசுக்கு.

"நல்ல மனுசனாத்தான் தெரியுது. வேல ஆவுமா அக்கா?" என்று படி இறங்கும்போது ஜெயந்தி கேட்டாள்.

ஆகவில்லை. மாறாக அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "இப்பதான் புரிஞ்சது, எவ்வளவு பெருசாப் பண்ணணும்னு" என்றார். வெள்ளைப் பலகை முழுக்கப் பெட்டி பெட்டியாக வரைந்தார். நான் மறுபடி மறுபடி அந்த நாலு வரியை அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அன்பான ஒரு குறிப்போடு திரும்பி வந்தது. மாதக் கடைசி வந்தது. ஜெயந்தி போன் பண்ணினாள். "பர்மனென்ட் பண்ணல அக்கா. வேற ஆள் வச்சுட்டாங்க" என்றாள். அழவில்லை. நான்தான் மொட்டை மாடிக்குப் போய் அழுதேன். துக்கமா, ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. ஆத்திரம்தான்.

மழைக்காலம் முடியும்போது அவருடைய அழகான அடுக்கு முடிந்தது. மூன்று சிஸ்டத்திலும் ஒரே மாதிரி வேலை செய்தது. கட்டம், பட்டியல், பொத்தான் எல்லாம் தெளிவாகப் பெயர் சொல்லின. குறை கண்டுபிடிக்கலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. இது இன்னும் மோசம். ஆள் திறமை இல்லாதவராக இருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

கிளையன்டுக்கும் வெளியிலும் காட்ட ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்றார். பார்வையில்லாத ஒருவர் இதைப் பயன்படுத்துவதுபோல. "அந்த ஜெயந்தியையே கூப்பிடுங்களேன்" என்றார். அந்த ஜெயந்தியையே! என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். முதலாளியே அவளைக் கூப்பிட்டார். அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். லைட் கலரில் உடுத்தி வரச் சொன்னதால் தங்கச்சியின் வெளிர்நீலச் சுடிதாரில் வந்திருந்தாள்.

"ஏன் ஒத்துக்கிட்ட?" என்று ரகசியமாகக் கேட்டேன்.

"நாலு பேர் பாப்பாங்கல்ல அக்கா? நான் வேல செய்யறத என் வாயால சொல்றதவிட ஓட்டிக் காட்டுனா நம்புவாங்க. யாராவது கூப்புட மாட்டாங்களா? ரெண்டு எடத்துல கேட்டுட்டேன், கண்ணு தெரியாதுன்ன உடனே சேர் கூடப் போடல."

அவரிடமும் நேராகவே கேட்டாள். "சார், எனக்கு வேல வேணும்னு இதுல சொல்லிக்கட்டுமா?"

"தாராளமாச் சொல்லுங்க" என்றார்.

அவள் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ஆர்டரை எடுத்து, பெயர், விலாசம், எண்ணிக்கை எல்லாம் அடித்து முடித்தபோது கேமராக்காரர் "இன்னொரு தடவ மெதுவா" என்று கேட்டுக்கொண்டார். முடித்துவிட்டுக் கேமரா இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பிப் பேசினாள்.

"என் பேரு ஜெயந்தி. அரியாங்குப்பம். போன்ல ஆர்டர் எடுப்பேன், தமிழ் இங்கிலீஷ் ரெண்டும் டைப் பண்ணுவேன். நடுவுல ஒரு அப்டேட்ல இது எனக்குப் பேர் சொல்றத நிறுத்திச்சு, அதுல என் வேல போயிடுச்சு. இப்ப மறுபடியும் சொல்லுது, முன்னவிட நல்லாச் சொல்லுது. வேல குடுக்குறவங்க இந்த நம்பருக்குக் கூப்புடுங்க." நம்பரை இரண்டு தடவை சொன்னாள், ஆர்டரை உறுதி செய்யும்போது சொல்வது போல நிறுத்தி நிறுத்தி.

அவர் கைதட்டினார். "பிராவோ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நானே பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து வீடியோ வெளியானது. நான் அந்த வாரத்தில் வேறு கம்பெனிக்கு மாறும் முடிவில் இருந்தேன், பார்க்கக்கூட இல்லை. ஜெயந்தி போன் பண்ணினாள். குரலில் ஒரு துள்ளல்.

"அக்கா, வீடியோ போட்டுட்டாங்கன்னு தம்பி போன்ல எடுத்துக் குடுத்துட்டு டியூட்டிக்குப் போயிட்டான். நான் மொதல்லருந்து கேட்டுட்டேன், திரும்பவும் கேட்டுட்டேன். மியூசிக்தான் வருது. நான் எந்த எடத்துல வர்றேன்?"

இரு என்று சொல்லிவிட்டுக் கணினியில் போட்டேன். ஜெயந்திதான் முழுக்க இருந்தாள். வெளிர்நீலச் சுடிதார், வெள்ளை மேஜை, ஓடுகிற விரல்கள். கடைசியில் கேமராவைப் பார்த்து அவள் பேசுகிறாள். உதடு அசைகிறது. பின்னால் பியானோ. அதன்மேல் எங்கள் கம்பெனியின் பெயர் மெதுவாக மலர்கிறது.

அவர் கோப்பையைத் துடைத்துக்கொண்டு என் மேஜையைக் கடந்து போனார். போனைப் பொத்திக்கொண்டு, "சார், ஜெயந்தி பேசினது எங்க?" என்றேன்.

"எடுத்துட்டேன்" என்றார். "வேலை போச்சு, வேலை வேணும்னு கேக்குறது அந்த இடத்துல செ பா ப்ரோப்ர். முகம் இருக்குல்ல? ரொம்ப நல்லா வந்திருக்கு."

அந்தப் பளபளப்பான தரையில் அவர் கண்ணெதிரில் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. வாயில் எச்சில் ஊறியும்விட்டது. ஆனால் போனில் அவள் காத்திருந்தாள்.

"அக்கா? இருக்கீங்களா?"

"இருக்கேன். வீடியோ முழுக்க நீதான் வர்ற. நீ பேசினதை மட்டும் எடுத்துட்டாங்க ஜெயந்தி."

அவள் வீட்டுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்புவது கேட்டது.

"நம்பர் சொன்னேனே, அதுவுமா?"

"அதுவும்தான்" என்றேன்.